டேங்கில் வாசனையே இல்லை, வெல்டிங் வைக்கலாமா?

ஓடுபாதை_ஓரம்:

எல்லோருக்கும் வணக்கம். விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஹேங்கரில் ஜூனியர் டெக்னீஷியனாக இருக்கிறேன், சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. எங்களிடம் உள்ள பழைய செஸ்னா 172 ஒன்றில் இடது பக்க டேங்க் கசிகிறது. இறக்கையே டேங்காக இருக்கும் வெட் விங் இல்லை, இறக்கைக்குள் தனியாக உட்காரும் பழைய அலுமினிய டேங்க். மேல் தகட்டின் ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றிப் பார்த்தபோது பின்பக்க வெல்டிங் ஓரமாக நீலக் கறை ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. தொட்டால் ஈரம்.

எரிபொருளை முழுவதும் இறக்கி, டேங்கைக் கழற்றி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தோம். இப்போது வாயில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை. வெளியிலிருந்து வரும் வெல்டர் அண்ணன், "இருபது வருஷமா பைக் டேங்க், லாரி டேங்க் எல்லாம் இப்படித்தான் வைக்கிறேன், நாளைக்கே முடிச்சுடலாம்" என்கிறார். இன்சார்ஜ் சார் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். விமானம் நிற்கிறதே என்று ஆபீஸிலிருந்து தினமும் கேட்கிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கூட வேலை செய்பவர் ஒருவர், சந்தேகமாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை டேங்குக்குள் கொஞ்சம் அடித்துவிட்டு வெல்டிங் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் வாக்கும் கிளீனரை வைத்து உள்ளே இருக்கும் ஆவியை இழுத்துவிடலாம் என்கிறார். எது சரி? ஆவி போய்விட்டது என்று எப்படித்தான் உறுதி செய்வது?

தெற்குக்காற்று:

வைக்காதீர்கள். மிச்சத்தைப் பெரியவர்கள் வந்து சொல்வார்கள், அதுவரை அந்த டேங்க் பக்கம் யாரையும் தீயோடு விடாதீர்கள்.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, மனசு ஒப்பவில்லை என்று நிறுத்தி வைத்துக் கேட்டீர்களே, அது நல்ல காரியம். சின்ன விமானங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறைந்த டேங்கைவிட "காலி" டேங்குக்குத்தான் நான் பயப்படுவேன்.

காரணம் இதுதான். அவ்கேஸ், அதாவது சின்ன விமானங்களுக்கு ஊற்றும் நீலச் சாயம் கலந்த பெட்ரோல், அதன் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். டேங்கில் எரிபொருள் கிடந்து மூடி இருக்கும்போது நம் ஊர் வெப்பத்தில் உள்ளே ஆவி அதைவிட மிக அடர்த்தியாக இருக்கும், பற்றுவதற்குக் காற்று போதாது. நீங்கள் எரிபொருளை இறக்கி மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது, அடர்த்தி குறைகிறது, குறைந்துகொண்டே வந்து அந்த 7.6க்குக் கீழே நுழைகிறது. அதாவது சுத்தம் செய்யும் வேலையே டேங்கை வெடிக்கும் எல்லை வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பொறியும் இருக்கக் கூடாது. விமானத்தின் பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும், சார்ஜர், கிரைண்டர், மொபைல் எல்லாம் தூரத்தில் இருக்க வேண்டும், வேலை ஹேங்கருக்கு வெளியே திறந்த இடத்தில் நடக்க வேண்டும்.

எவ்வளவு மிச்சம் இருந்தால் ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 172இன் ஒரு டேங்க் சுமார் 81 லிட்டர். அதில் 1.4 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஆவி. அந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்கினால் ஆறு மில்லிதான் வரும். ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும், அவ்வளவுதான். உள்ளே தடுப்புத் தகடுகளுக்குக் கீழே, மடிப்பில், ரிவெட் தலைக்குப் பின்னால், பழைய சீலன்ட் எங்காவது பூசியிருந்தால் அதற்குள், ஒரு டீஸ்பூன் ஒளிந்திருக்க இடமா இல்லை?

வாசனை விஷயம். பெட்ரோல் வாசனை மூக்குக்குத் தெரிய மிகக் குறைந்த அளவே போதும் என்பது உண்மைதான், ஆனால் அந்த டேங்கோடு இரண்டு நாள் புழங்கிய மூக்கு சலித்துப்போயிருக்கும். அதைவிட முக்கியம், நீங்கள் முகர்ந்தது வாய் பக்கத்துக் காற்றை. ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், அது அடியில் மூலையில் படுத்துக் கிடக்கும். மடிப்புக்குள் ஊறியிருப்பது குளிர்ந்த டேங்கில் வெளியே வராது. வெல்டிங் சூடு பட்டதும் வரும். வெல்டர் முகத்துக்கு நேரே அப்போது நெருப்பு இருக்கும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டை எடுங்கள், அதில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான் முதல் வார்த்தை, நான் சொல்வதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். பொதுவாக மூன்று வழி உண்டு. சுடுதண்ணீர், நீராவி, இல்லை நைட்ரஜன் மாதிரி வாயு. கழற்றி வெளியே எடுத்த சின்ன டேங்குக்கு எனக்குப் பிடித்தது சுடுதண்ணீர்தான். குலுக்கிக் கொட்டுவது கழுவுவது ஆகாது. அடியில் இருக்கும் டிரெயின் துளை வழியாகச் சுடுதண்ணீரை உள்ளே விட்டு, மேலே ஃபில்லர் வாய் வழியாக வழிந்து ஓட விட வேண்டும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், அதனால் மேலே தள்ளப்பட்டு வெளியே வரும். வழியும் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரியும், அது நின்ற பிறகும் விடாமல் ஓட்டுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், டிரம்மில் பிடியுங்கள். 100எல்எல் என்ற நம் அவ்கேஸில் ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நீராவி என்றால் டேங்க் உடம்பு முழுதும், மூலை உட்பட, கை வைக்க முடியாத அளவு சூடாகி அப்படியே வெகுநேரம் இருக்க வேண்டும். நீராவி சீறும்போதும் ஸ்டேட்டிக் மின்சாரம் உண்டாகும், அதனால் குழாய் முனைக்கும் டேங்குக்கும் ஒயர் போட்டு இணைத்து எர்த் செய்யாமல் தொடங்கக் கூடாது.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்னது. சாதாரண வாக்கும் கிளீனர் கூடவே கூடாது. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் இழுக்கும் ஆவி நேராக அந்தப் பொறி மேல்தான் போகும். காற்றோட்டம் வேண்டுமென்றால் கம்ப்ரசர் காற்றில் ஓடும் வென்சுரி வகை ஏர் மூவர் இருக்கிறது, சுழலும் மின் பாகம் எதுவும் கிடையாது. அதையும் டேங்கோடு ஒயர் போட்டு இணைக்க (பாண்டிங்) வேண்டும். இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், வெல்டர் வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும், கம்ப்ரசர் இல்லை என்று அதை வைத்து யாராவது டேங்கை ஊதப் பார்ப்பார்கள். உயிர் போனாலும் விடாதீர்கள்.

ஆவியை அளக்கும் மீட்டர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும், எனக்குப் பயன்படுத்தத் தெரியுமே தவிர அதன் உள்விவரம் அவ்வளவாகத் தெரியாது.

நாலாம்_ஷிஃப்ட்:

நான் விமானத் துறை இல்லை, பெட்ரோலிய டேங்குகளைத் திறக்கும்முன் வாயு அளந்து கையெழுத்துப் போடுகிற வேலை. ஸ்பேனர் அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை. தீயணைப்பான் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த யோசனை கேட்க ரொம்ப நியாயமாகத் தெரியும், அதனாலேயே ஆபத்து.

கார்பன் டை ஆக்சைடு நெருப்பை அணைக்கும், உண்மை. ஆனால் தீயணைப்பானிலிருந்து அது சீறி வரும்போது ஒரு பகுதி பனித்துகளாக மாறி வருகிறது, அந்தத் துகள்கள் முனையில் உரசி உரசி மின்னேற்றம் சேர்க்கும். பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்க 0.2 மில்லிஜூல் சுற்றளவில் ஒரு பொறி போதும், நம் விரலில் "சுர்" என்று உணர்கிற பொறி அதைவிடப் பெரியது. 1954இல் ஜெர்மனியின் பிட்பர்க் விமானத் தளத்தில் நிலத்தடி எரிபொருள் டேங்க் ஒன்றில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு அமைப்பைச் சோதனை செய்து பார்த்தபோது டேங்க் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1966இல் நியூயார்க்கில் ஆல்வா கேப் என்ற கப்பல் மோதலில் சிக்கிய பிறகு, அதன் டேங்குகளைப் பாதுகாப்பாக்க இதே வாயுவைச் செலுத்தியபோது மறுபடி வெடித்தது. இரண்டு இடத்திலும் ஆட்கள் பாதுகாப்புக்காகத்தான் அதைச் செய்தார்கள். அணைக்க வேண்டிய தீ இருந்தால் அடியுங்கள். தீ இல்லாத, ஆவி உள்ள டேங்குக்குள் அடிக்காதீர்கள்.

அதே வாயு வேண்டுமென்றால் டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, துண்டுகளை உள்ளே போட்டு மெதுவாக ஆவியாக விடுவார்கள், அது வேறு விஷயம். நைட்ரஜன் என்றால் ரெகுலேட்டர் வைத்து மெல்ல விட வேண்டும். பெரிய விமானங்களில் இன்று பறக்கும்போதே டேங்குக்குள் நைட்ரஜன் செறிந்த காற்றை விடுகிறார்கள். 1996இல் டிடபிள்யூஏ 800 விமானத்தின் நடு டேங்க் வெடித்து 230 பேர் இறந்த பிறகு வந்த மாற்றம் அது, ஆக்சிஜனை 12 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் போதும் என்பது அங்கே கணக்கு. ஆனால் நைட்ரஜன் நிரப்பிய டேங்குக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள், மூடிய அறையிலும் அதைத் திறந்து விடாதீர்கள். மூச்சு முட்டுவது மாதிரிகூடத் தெரியாது, அப்படியே விழுந்துவிடுவீர்கள்.

இனி மீட்டர். வாடகைக்கோ இரவலுக்கோ ஒன்று கட்டாயம் வாங்குங்கள், ஆனால் எந்த மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், இதில்தான் நல்ல ஆட்களே ஏமாறுகிறார்கள். சாதாரணமாகக் கிடைப்பது கேட்டலிடிக் பீட் வகை. உள்ளே சின்ன மணி ஒன்றில் வாயுவை எரித்துப் பார்த்து அளவு சொல்லும். எரிய ஆக்சிஜன் வேண்டும், ஆகவே நைட்ரஜன் விட்ட டேங்கில் அதை வைத்தால் ஆவி இருந்தாலும் பூஜ்யம் பக்கம் காட்டலாம். ஆவி மிக அடர்த்தியாக இருந்தாலும் அதே கதைதான், முள் சட்டென்று மேலே போய்விட்டுத் திரும்பப் பூஜ்யத்துக்கு விழும், அந்த நொடி கண் வேறு பக்கம் இருந்தால் "சுத்தம்" என்று எழுதிவிடுவீர்கள். உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, அவ்கேஸில் இருக்கும் ஈயம் அந்த மணியை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும், கெட்டுப்போன மீட்டர் எதைக் காட்டினாலும் நிம்மதியாகப் பூஜ்யம் காட்டும். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் தெரிந்த அளவு வாயுவைக் காட்டி மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்ஃப்ராரெட் வகை கேளுங்கள், அதற்கு ஆக்சிஜனும் வேண்டாம், ஈயமும் கெடுக்காது. மீத்தேனுக்கு அளவு சரி பார்த்த மீட்டர் பெட்ரோல் ஆவியைக் குறைத்துக் காட்டும், உண்மை அளவு அது காட்டுவதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் விதம்: வாயில் ஒரு தடவை வைத்து எடுப்பது அளவு இல்லை. பம்ப் குழாயை விட்டு மேலே, நடுவில், அடியில், ஒவ்வொரு தடுப்புக்குப் பின்னாலும் வைத்து, குழாய் நீளத்துக்கு ஏற்ற நேரம் காத்திருந்து படியுங்கள். மீட்டரில் வரும் சதவீதம் வெடிப்பின் கீழ் எல்லையில் (அந்த 1.4இல்) இத்தனை சதவீதம் என்று அர்த்தம், காற்றில் இத்தனை என்று அல்ல. ஆள் உள்ளே போகும் வேலைக்கு 10க்குக் கீழே என்பார்கள். தீ வைக்கும் வேலைக்கு நான் பூஜ்யம் தவிர எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். பூஜ்யம் வந்ததும் டேங்கை அரை மணி மூடி வைத்து, கொஞ்சம் சூடாக்கி, திரும்ப அளங்கள். அந்த இரண்டாவது அளவுதான் கணக்கு.

கொல்லம்பட்டறை:

இங்கே படிக்க மட்டும்தான் வருவேன், இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். உங்கள் வெல்டர் அண்ணன் மாதிரியே அவரும் எத்தனையோ டேங்க் வைத்தவர். ஒரு நாள் காலி டீசல் டிரம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியாக்க மேல் மூடியை வெட்டக் கேட்டார்கள். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே, அதுவும் மாதக் கணக்கில் வெயிலில் காய்ந்த டிரம். அப்பா உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேஸ் கட்டரை வைத்தார். நான் அப்போது ஒன்பதாவது, சாப்பாடு கொண்டு போயிருந்தேன். சத்தம் என்று சொல்வதைவிடக் காற்று நெஞ்சில் அடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூடி பட்டறைக் கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போனது. அப்பாவுக்கு உயிர் இருந்தது. இடது கையில் மூன்று விரல் மடங்காது, அந்தப் பக்கக் காதும் கேட்காது.

டிரம்மின் அடியில் தார் மாதிரி ஒட்டியிருந்த படிவு சூட்டில் ஆவியாகியிருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். கை விட்டால் காய்ந்துதான் இருந்தது. அந்த வெல்டர் அண்ணனிடம் விதியைக் காட்டிப் பேசாதீர்கள், அவருக்குக் கோபம் வரும், எங்கள் அப்பாவுக்கும் வந்திருக்கும். மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். அவரும் யாருக்கோ அப்பாதான்.

ஓடுபாதை_ஓரம்:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூங்கவில்லை.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன். வெல்டிங்கை நிறுத்தியாயிற்று, ஆபீஸில் நானே போய்ச் சொன்னேன், திட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. தெரிந்த இடத்திலிருந்து இன்ஃப்ராரெட் மீட்டர் இரவல் கிடைத்தது. வெல்டர் அண்ணன் கையிலேயே கொடுத்தோம். ஃபில்லர் வாயில் வைத்ததும் பூஜ்யம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குழாயை உள்ளே விட்டு, பின் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடி மூலையில் வைத்தோம், 6 காட்டியது. ஷிஃப்ட் அண்ணன் சொன்னபடி டேங்கைச் சூடாக்கிப் பார்க்கலாம் என்று அந்த மூலைக்கு வெளிப்பக்கம் கொதிக்கும் தண்ணீரை ஒரு வாளி ஊற்றிவிட்டு அதே இடத்தில் அளந்தோம். 9, 14, 19 என்று ஏறி 22இல் நின்றது. வெறும் வெந்நீர் சூட்டுக்கே இப்படி. அண்ணன் ஒன்றும் பேசாமல் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, இது என்ன விலை என்று கேட்டார்.

இன்று காலை டிரெயின் வழியாகச் சுடுதண்ணீர் விட்டு மேலே வழியவிட்டோம், சோப்புக் கரைசல் கலந்து ஒரு தடவை, வெறும் தண்ணீரில் இரண்டு தடவை. முதல் தடவை வழிந்ததில் நீலம் தெரிந்தது! இரண்டு நாள் வெயிலில் காய்ந்த டேங்கில் நீலம். இப்போது சூடாக்கிய பிறகும் எல்லா மூலையிலும் பூஜ்யம்.

இன்சார்ஜ் சாரிடம் போனில் பேசினேன். டேங்க் வெல்டிங்கை நாம் ஹேங்கரில் வைக்கவே கூடாது, அனுமதி உள்ள பணிமனைக்கு அனுப்பு என்றார். அங்கே டிக் வெல்டிங், உள்ளே ஆர்கான் என்ற எரியாத வாயுவை விட்டபடியே வைப்பார்களாம். இன்னும் இரண்டு சந்தேகம். பூஜ்யம் காட்டிய டேங்கை மூடி போட்டு அனுப்பலாமா? இறக்கையில் திறந்து நிற்கும் குழாய்களை என்ன செய்வது? வலது டேங்கில் எரிபொருள் இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:

கேட்க மறந்த கேள்வியை நீங்களே கேட்டுவிட்டீர்கள். 172இல் இரண்டு டேங்குக்கும் இடையே வென்ட் (காற்றுப் போக்கு) இணைப்புக் குழாய் ஓடுகிறது, எந்த டேங்கிலிருந்து எரிபொருள் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வும் இரண்டையும் சேர்க்கும். வலது டேங்க் நிறைந்திருக்க, இடது பக்கம் குழாய் திறந்திருந்தால் அந்த ஆவி இடது இறக்கைக்குள் வந்து தங்கும். டேங்கை இறக்கையிலேயே வைத்துச் சுத்தம் செய்பவர்கள் எவ்வளவு ஊதினாலும் மீட்டர் இறங்கவில்லை என்று தவிப்பது பாதி நேரம் இதனால்தான். திறந்த முனை ஒவ்வொன்றையும் சரியான மூடி போட்டு அடையுங்கள், துணி திணிக்காதீர்கள். எத்தனை மூடி போட்டீர்கள் என்று எண்ணி ஜாப் கார்டில் எழுதுங்கள், திரும்பக் கழற்றும்போது எண்ணிக்கை சரியாக வர வேண்டும். வலது டேங்கையும் இறக்கிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

டேங்கை மூடாமல் அனுப்புங்கள், தூசி போகாமல் வாயில் மெல்லிய துணி கட்டினால் போதும். வண்டியில் வெயிலில் போகும், உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் மூடிய டேங்கில் திரும்பச் சேரும். அவ்கேஸ் இருந்த டேங்க், எப்படிக் கழுவியது, எந்தத் தேதி எந்த மணிக்கு என்ன அளவு வந்தது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். நீங்கள் எடுத்த பூஜ்யம் உங்கள் இடத்தில் அந்த நேரத்துக்குத்தான். அங்கே ஆர்க் போடும் முன் அவர்கள் மறுபடி அளக்க வேண்டும், அளந்ததை அதே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்து வந்ததும் அழுத்தச் சோதனைக்குக் கம்ப்ரசரை நேராக மாட்டிவிடாதீர்கள், இந்தத் தகடு இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கே உப்பும், ரெகுலேட்டர் வைத்துக் கையேட்டில் உள்ள அளவு மட்டும்.

ஓடுபாதை_ஓரம்:

சரி அண்ணா. மூடிகள் ஐந்து, கார்டில் எழுதிவிட்டேன். வலது டேங்கை நாளைக் காலை வெயில் ஏறும் முன் வெளியே தள்ளிக்கொண்டு போய் இறக்குகிறோம்.